மூன்றாவது குரல்

எங்கள் வீட்டு ஜன்னல் கட்டையில் ஒரு பழைய கேம் கருவி இருக்கிறது. இரண்டு கைகளாலும் பிடித்து விளையாடுகிற வகை. நடுவில் திரை, இரண்டு பக்கமும் பொத்தான்கள். பேட்டரி மாற்றியபோது பின்மூடியின் கொக்கி உடைந்துவிட்டதால் ரப்பர் பேண்டுகளைச் சுற்றி இறுக்கி வைத்திருக்கிறேன். சில நாட்களில், விளக்கு வைக்கிற நேரத்துக்கு, அது தானாக விழித்துக்கொள்ளும். திரையில் ஏரிக்கரை தெரியும். கொஞ்ச நேரம் காற்றின் சத்தம் மட்டும் வரும். பிறகு என் அக்காவின் குரல் "தம்பி" என்று கூப்பிடும். அக்கா இறந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது.

முதல் தடவை அப்படி நடந்தபோது கையில் இருந்த காபி டம்ளரைக் கீழே போட்டுவிட்டேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. மறுநாளே கருவியை எடுத்துக்கொண்டு உத்திரமேரூர் பஜாரில் செல்போன் ரிப்பேர் செய்பவரிடம் போனேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பட்டன் தேஞ்சிக்கீது சார். பகலெல்லாம் ஜன்னல்ல வெய்யில் வாங்குது இல்ல, சூடு அடங்கச்சொல்ல தானா ஆன் ஆவுது. இதுக்கு ஸ்பேரும் வர்றதில்ல" என்றார். நல்ல விளக்கம். அந்த விளக்கத்தை வைத்துக்கொண்டு பகலில் தைரியமாக இருக்க முடிகிறது.

அந்தக் கருவிக்குள் இருப்பது அக்கா செய்த கேம். சென்னையில் ஒரு கம்பெனியில் மற்றவர்களுடைய கேம்களுக்கு மரம், செடி, மதில் சுவர் எல்லாம் செய்து கொடுத்துக்கொண்டிருந்தவள், ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தாள். சொந்தமாக ஒன்று செய்யப் போகிறேன் என்றாள். நான் பஜாரில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி என்று ஊரில் யாருக்கு எது நடந்தாலும் அவர்கள் முகத்துக்குப் பின்னால் மேகமும் ரோஜாப்பூவும் போடுகிறவன் நான்தான். படம் வரைய என்னை இழுத்துக்கொண்டாள். இரண்டு வருடம் கடைக்கு வந்த ஆட்களை எல்லாம் காக்க வைத்துவிட்டு ஏரிக்கரையையும் பனைமரத்தையும் வரைந்துகொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் ரோஜாப்பூ இல்லாமல் செய்த ஒரே வேலை அது.

எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. பொழுது சாய்ந்த பிறகு யாராவது வெளியிலிருந்து கூப்பிட்டால் உடனே பதில் சொல்லமாட்டோம். அம்மா எங்களைப் பேச்சு வந்த நாளிலிருந்து பழக்கியது இது. "ஒரு தபா கூப்ட்டா திரும்பாத. ரெண்டாந்தபா கூப்ட்டாலும் வாயத் தொறக்காத. மூணாந்தபா கூப்ட்டாதான் மனுசன். அதுக்கு மூணாந்தபா கூப்புட வராது." அது என்றால் எது என்று அம்மா ஒருபோதும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் கடப்பாரை இரவல் கேட்டு வந்தாலும் வாசலில் நின்று மூன்று முறை கூப்பிடுவார். நாங்களும் பொறுமையாக மூன்றாவது குரலுக்குக் காத்திருந்து "தோ வரேன்" என்போம். யாரும் இதை விசித்திரமாக நினைத்ததில்லை.

அக்காவின் கேம் இதுதான். பொழுது சாயும் நேரத்தில் ஒரு பையன் கையில் தூக்குச்சட்டியோடு ஏரிக்கரை மேல் வீட்டுக்கு நடந்து போகிறான். வழியில் ஒரு குரல் "தம்பி" என்று கூப்பிடும். பொத்தானை அழுத்தினால் அவன் பதில் சொல்லித் திரும்பிப் பார்ப்பான். முதல் குரலுக்கோ இரண்டாவது குரலுக்கோ திரும்பினால் திரை கறுத்துப்போய் ஆட்டம் முடிந்துவிடும். அசையாமல் நின்று மூன்றாவது குரலுக்குப் பதில் சொன்னால் வீட்டுக் கதவு திறக்கும். அன்றைய மாலை நல்லபடியாக முடியும். அடுத்த மாலை இன்னும் கொஞ்சம் இருட்டாக இருக்கும், குரல் இன்னும் கொஞ்சம் பக்கத்தில் கேட்கும்.

குரலை எங்கள் ஏரிக்கரையிலேயே பதிவு செய்தோம். நான் மதகுக்குப் பக்கத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் தூரத்தில் போய் நின்று ஒரே ஒரு முறை கூப்பிட்டாள். எங்கள் இரண்டு பேருக்கும் அது போதும் என்று தெரிந்துவிட்டது. அந்த ஒரே பதிவைத்தான் மூன்று அழைப்புக்கும் வைத்தாள். "மூணுக்கும் ஒரே கொரலா கா?" என்று கேட்டேன். "அதுவும் என் கொரல்லதானடா கூப்புடும். வித்தியாசம் தெரிஞ்சா எவன் ஏமாறுவான்?" என்றாள். அவள் சிரித்துக்கொண்டே மைக் ஒயரைச் சுருட்டினாள்.

கேம் விற்கவில்லை. ஏன் விற்கவில்லை என்று கேட்கிறவர்களுக்கு நான் வழக்கமாகச் சொல்லும் காரணம், கருவி பழையது என்பது. அந்தக் கம்பெனியே அதை மறந்துவிட்டுப் புதிய கருவியை விற்றுக்கொண்டிருந்தது. பழையதை வைத்திருந்தவர்கள் அதை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டார்கள். அதன் ஆன்லைன் கடை திறப்பதற்குள் ஒரு வாய் சோறு தின்றுவிடலாம். புதிதாக வந்த கேமைக் கண்டுபிடிப்பதற்கு நாலு பக்கம் தள்ளிப் போகவேண்டும். கம்ப்யூட்டரில் போடலாமே என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "பெரிய திரையில ஆடனா பக்கத்துல நாலு பேரு ஒக்காந்துனு இருப்பான். இது கையில இருந்தா ஒண்டியா இருப்ப. ஒண்டியா கீறவனதான் அது கூப்புடும்" என்று பிடிவாதமாக இருந்துவிட்டாள்.

ஆனால் உண்மையான காரணம் வேறு. அதை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வருகிறது. கேமை வெளியிடுவதற்கு முன்னால் மாதக்கணக்கில் எல்லோரிடமும் கொடுத்து விளையாட வைத்துப் பார்த்தோம். அம்மா விளையாடினாள். என் கடைக்கு வந்தவர்கள் விளையாடினார்கள். மாகறலிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் விளையாடினார்கள். ஒருவர்கூட முதல் குரலுக்குப் பொத்தானை அழுத்தவில்லை. நான் எட்டிப் பார்த்து அவசரப்படுத்தியபோது, "இர்ரா, ரெண்டு தபாதானே ஆச்சு" என்று அம்மா என் கையைத் தட்டிவிட்டாள். எல்லோரும் வீடு போய்ச் சேர்ந்தார்கள். அதனால் மூன்றாவது குரல் வரை காத்திருக்கவேண்டும் என்று கேமில் எந்த இடத்திலும் எழுதவேண்டும் என்றே எங்களுக்குத் தோன்றவில்லை. தண்ணீரைக் குடிக்கலாம் என்று குடத்தின் மேல் யார் எழுதி வைப்பார்கள்?

வெளியுலகம் முதல் குரலுக்கே திரும்பிவிட்டது. பொத்தான் இருக்கிறது, கூப்பிடுகிறார்கள், அழுத்தினார்கள், திரை கறுத்தது. மறுபடி அழுத்தினார்கள், மறுபடி கறுத்தது. ஒரு நிமிடத்தில் முடிகிற கேம் என்று எழுதினார்கள். பழுதான கேம், வாங்காதீர்கள் என்று எழுதினார்கள். அக்கா அதையெல்லாம் படித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "டேய் தம்பி, ஒலகத்துல கீறவன்லாம் மொதோ கொரலுக்கே திரும்பறாண்டா! அவுங்க வூட்ல யாருமே சொல்லித் தர்ல போல." அந்தக் கறுத்த திரைக்குள் உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிகிற மாதிரி ஒரு முகம் வரைந்திருந்தேன். எங்கள் ஊர்க்காரர் ஒருவரும் அதைப் பார்த்ததில்லை. காசு கொடுத்து வாங்கியவர்கள் ஒருவரும் நான் வரைந்த வீட்டுக் கதவைப் பார்த்ததில்லை.

ஆரம்பத்தில் ஒரு வரி எழுதிவிடலாம், மூன்றாவது குரலுக்கு அழுத்தவும், அவ்வளவுதானே என்றேன். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. "சொல்லிக் குட்த்துட்டு இன்னா பயமுறுத்தறது? வோணாம். இவுங்களுக்கு நெஜமான கொரலு எதுன்னு தெரியல, அவ்ளோதான். அதுக்கு ஒரு வழி கீது, யோசிச்சிக்கினு கீறேன்" என்றாள். அந்த யோசனை என்ன என்று சொல்வதற்குள் படுத்துவிட்டாள்.

காய்ச்சலும் இருமலுமாக ஆரம்பித்தது நுரையீரலுக்குப் போய்விட்டது. காஞ்சிபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அங்கேயும் லேப்டாப்பைக் கொண்டுவரச் சொல்லி அடம்பிடித்தாள். ஒரு நாள் என்னை டீ வாங்கப் போகச் சொன்னாள். திரும்பி வந்தபோது காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு எதையோ தட்டிக்கொண்டிருந்தாள். மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு நர்ஸ் அந்தப் பக்கம் போனார். என்னைப் பார்த்ததும் அக்கா லேப்டாப்பை மூடினாள். "இன்னாடா பாக்கற? போ, அம்மாவுக்கு போன் போடு" என்று விரட்டினாள். முகத்தில் ஒரு திருட்டுச் சிரிப்பு இருந்தது. நான் துருவிக் கேட்கவில்லை, சிரிக்கிறாளே என்று சந்தோஷப்பட்டேன்.

பத்து நாளைக்குள் அவளுக்கு நினைவு தப்பியது. டாக்டர், பேசிக்கொண்டே இருங்கள், கூப்பிடுங்கள், காதில் விழும் என்றார். நான் குனிந்து "அக்கா" என்றேன். கண் இமை அசையவில்லை. இன்னொரு முறை "அக்கா" என்றேன். மூன்றாவது முறை கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. மூன்றாவதற்கும் பதில் வராவிட்டால் அப்புறம் என்ன இருக்கிறது? அம்மா என்னைப் பார்த்தாள். அவளும் கூப்பிடச் சொல்லவில்லை. அன்று மதியமே எல்லாம் முடிந்துவிட்டது. அவளுடைய அஞ்சலி பேனரை நான்தான் செய்தேன். ரோஜாப்பூ போடவில்லை.

அதன் பிறகுதான் கருவி விழிக்க ஆரம்பித்தது. ரிப்பேர்க்காரர் சொன்ன காரணம் எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் அது கருவிதான் என்று தெரியும். இருந்தாலும் "தம்பி" என்று முதல் குரல் கேட்டதும் அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றுவிடும். நானும் அசையமாட்டேன். இரண்டாவது குரல் கேட்கும். எழுந்துபோய் அணைத்துவிடுவேன். மூன்றாவது குரல் வந்தால் பதில் சொல்லவேண்டும், பதில் சொன்னால் கதவு திறந்து அந்த மாலை முடிந்துவிடும். எனக்கு அது முடியக் கூடாது. அடுப்படியில் பாத்திரச் சத்தம் மறுபடி ஆரம்பிக்கும். எத்தனையோ மாலைகள் இப்படிப் போயின. அந்தக் கருவியைத் தூக்கி உள்ளே வைத்தால் என்ன என்று அம்மாவும் கேட்கவில்லை.

போன மாதம் அந்த ஆன்லைன் கடையையே மூடப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். மூடிவிட்டால் அக்காவின் கேமை இனி யாரும் வாங்க முடியாது. கடைசியாக அந்தப் பக்கத்தைப் பார்க்கலாம் என்று திறந்தேன். பழைய வசவுகளுக்கு மேலே புதிதாக ஒன்று இருந்தது. எந்த நாட்டு ஆள் என்று தெரியாது, இங்கிலீஷில் எழுதியிருந்தார். பல தடவை தோற்றுப்போய், ஒரு நாள் கவனம் தவறிப் பொத்தானை அழுத்தாமல் இருந்தபோதுதான் மூன்றாவது குரலைக் கேட்டாராம். "மூன்றாவது முறை கூப்பிடும்போது அந்தப் பெண் இருமுகிறாள். பின்னால் ஏதோ சக்கரம் உருளுகிறது. அவள் நிஜமானவள் என்று அப்போதுதான் தெரிந்தது."

முதலில் எனக்குக் கோபம் வந்தது. அந்தப் பதிவில் இருமல் கிடையாது. ஏரிக்கரையில் சக்கரமும் கிடையாது. மைக்கைப் பிடித்தவன் நான். வேறு எதையோ கேட்டுவிட்டு உளறுகிறார் என்று நினைத்தேன். பிறகு கருவியை எடுத்து, கேமின் பதிப்பு எண்ணைப் பார்த்தேன். நாங்கள் இருவரும் சேர்ந்து வெளியிட்டதற்கு அடுத்த எண்ணாக இருந்தது. அக்கா கடைசியாக ஒரு அப்டேட் அனுப்பியிருக்கிறாள். அது அவள் போன பிறகு வந்து, வீட்டு வைஃபையில் தானாக இறங்கி, இத்தனை நாளும் ஜன்னலில் உட்கார்ந்திருக்கிறது. அவளுடைய மெயிலைத் திறந்து பார்க்கும் தெம்பு எனக்கு வந்ததே இல்லை என்பதால் எனக்குத் தெரியவில்லை. ஒரு நாளாவது அணைக்காமல் இருந்திருந்தால் தெரிந்திருக்கும்.

அன்று நானாக அதை ஆன் செய்யவில்லை. கருவி ஜன்னல் கட்டையிலேயே இருந்தது. வெயில் இறங்கியது. அம்மா விளக்கேற்றிவிட்டு அடுப்படிக்குப் போனாள். திரை வெளிச்சம் ஜன்னல் கம்பியில் விழுந்தது. "தம்பி." பாத்திரச் சத்தம் நின்றது. நான் கருவியைக் கையில் எடுத்துக்கொண்டேன், பொத்தானில் விரலை வைக்கவில்லை. ரப்பர் பேண்டுகள் உள்ளங்கையில் உறுத்தின. "தம்பி." இந்த இடத்தில்தான் எப்போதும் அணைப்பேன். அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். அவளுக்கு நான் எதையும் சொல்லியிருக்கவில்லை. திரையில் நான் வரைந்த பையன் தூக்குச்சட்டியோடு நின்றுகொண்டிருந்தான். காற்று அடித்தது. பிறகு காற்றும் நின்றுவிட்டது. கேமில் அப்படி நிற்காது.

ஒரு இருமல் கேட்டது. தரையில் வண்டிச் சக்கரம் உருண்டு போயிற்று. மூச்சு வாங்கிக்கொண்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு, காதுக்குப் பக்கத்தில் அவள் பேசினாள்.

"டேய் தம்பி... நான்தாண்டா. எவ்ளோ நேரம் கூப்புடறது?"

முதல் இரண்டும் அதனுடைய குரல், மூன்றாவது மட்டும் மனுசக் குரல். அவள் கண்டுபிடித்த வழி இதுதான். உலகத்தில் இருக்கிறவர்களுக்காகச் செய்தது. எனக்கும் தேவைப்படும் என்று தெரிந்துதான் செய்தாளா என்று கேட்க ஆள் இல்லை. பையன் திரையில் காத்துக்கொண்டிருந்தான்.

அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே என் பின்னால் வந்து நின்றாள். "மூணாயிடுச்சிடா" என்றாள், சாதாரணமாக, சோறு ஆறிப்போகிறது என்கிற மாதிரி. "கூப்புடறா இல்ல, ஏன்னு கேளேன்."

"ஏன்கா?" என்று சொல்லிவிட்டுப் பொத்தானை அழுத்தினேன்.