பதினேழால் வகுபடும் எண்

என் பழைய கைப்பேசி எண்ணின் பத்து இலக்கங்களையும் கூட்டினால் ஐம்பத்து மூன்று. ஐந்தையும் மூன்றையும் கூட்டினால் எட்டு. அந்த எட்டுதான் எங்கள் குடியைக் கெடுத்ததாம். காந்திபுரத்தில் எண்கணித ஜோதிடர் ஒருவர் சொன்னார்.

மகன் வீட்டைவிட்டுப் போய்ச் சில மாதங்கள் ஆகியிருந்தன. இனி இன்ஜினியரிங் கல்லூரிக்குப் போகமாட்டேன் என்றான். அவன் அப்பா கை நீட்டிவிட்டார். அன்றைக்குத் தொண்டாமுத்தூரில் டவுன் பஸ் ஏறிப் போனவன்தான். போன் ஸ்விட்ச் ஆஃப். போலீஸில் சொன்னோம், சிநேகிதர்களைக் கேட்டோம், ஒரு தகவலும் இல்லை.

"எட்டு சனியோட நம்பருங்க. இதை வெச்சிருக்கற வரைக்கும் பையன் ஊடு வந்து சேரமாட்டானுங்க" என்றார் ஜோதிடர்.

நான் கணக்கு டீச்சர். இலக்கங்களைக் கூட்டிக் கூட்டி வருவது ஒன்பதால் வகுத்த மீதி, அவ்வளவுதான் என்று வருஷா வருஷம் போர்டில் எழுதிக் காட்டுகிறவள். என் பிள்ளை எந்த ஊரில் பசியோடு கிடக்கிறான் என்று அந்த மீதிக்கு என்ன தெரியும்? அதே எண்ணைப் பதினேழால் வகுத்தால் மீதியே வராது. அதைக் கண்டுபிடித்தவன் அவன்தான், ஏழாம் வகுப்பில். "அம்மா, உன் நம்பர் பதினேழுல வகுபடுது!" என்று வீடு முழுக்கக் கத்திக்கொண்டு ஓடினான்.

வீட்டுக்காரரிடம் சண்டை போட்டேன். "அவனுக்கு மனப்பாடமாத் தெரிஞ்சது இந்த ஒரு நம்பர்தானுங்க."

"புது நம்பரை அவன் சிநேகிதங்க எல்லார்த்துகிட்டயும் சொல்லிப்போடறேன். ஒருக்கா செஞ்சு பாக்கலாம் அம்மணி" என்றார். எனக்கும் வேறு வழி தெரியவில்லை, சரி என்றேன். சிம்மை ஓடுகிற தண்ணீரில் போடச் சொல்லியிருந்தார் ஜோதிடர். நொய்யலில் தண்ணீர் எங்கே ஓடுகிறது? அவன் அப்பா பேரூரில் தேங்கிக் கிடந்த அழுக்கில் போட்டுவிட்டு வந்தார்.

புது எண்ணைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தால் ஆறு. ராசியான எண்ணாம், நாசமாய்ப் போக! ஒரு வருஷமாகியும் அதில் அவன் குரல் வரவில்லை. பொறுக்க முடியாமல் போன் கம்பெனிக் கடைக்குப் போய்ப் பழைய எண்ணையே கேட்டேன். ரொம்ப நாள் சும்மா கிடந்ததால் வேறொருவருக்குக் கொடுத்தாகிவிட்டது என்றார்கள். வாசலில் நின்றபடியே அந்த எண்ணைக் கூப்பிட்டேன். தாராபுரத்தில் வெங்காய வியாபாரம் செய்கிற ஒரு அம்மாள் எடுத்தார். அழாமல் விஷயத்தைச் சொல்லி, "பையன் ஆராச்சும் கூப்பிட்டானுங்களா?" என்றேன்.

"சித்திரையில ஒரு பையன் கூப்பிட்டானுங்க. எந்த நம்பர்னு எப்பவோ அழிஞ்சுபோச்சு. எடுத்ததும் அம்மான்னான். நான் உங்கம்மா இல்ல கண்ணு, நம்பர் தப்புன்னேன். அது உங்க பையன்தான்னு எப்படிங்க சொல்றது?"

"வேற என்னங்க சொன்னான்?"

"தப்பா இருக்காதுங்க, பதினேழுல வகுத்துப் பாத்துட்டுத்தான் போட்டேன்னானுங்க. ஏதோ கிறுக்குப் பையனாட்ட இருக்குதுன்னு வெச்சுப்போட்டனுங்க. ஏனுங்க... அழுவறீங்களா?"