திரையில் இன்னொரு கை

கதை விடுகிறேன் என்று நினைப்பவர்கள் இந்தப் பக்கத்தை இப்போதே மூடிவிடலாம். இது நடந்தது. புனேயில், வாகட் பகுதியில், பட்டப்பகலில், எனக்குத் தெரிந்த ஒருத்திக்கு நடந்தது. அவள் பெயர் ஃபேபியோலா. பயமுறுத்த நினைப்பவர்கள் குரலைத் தாழ்த்திக் கண்ணை உருட்டித்தான் சொல்வார்கள். அவளோ வெங்காயம் நறுக்கிக்கொண்டே, கேஸ் தீர்ந்துபோனதைச் சொல்வதுபோலச் சொன்னாள். அதனால்தான் நான் நம்பினேன்.

அவள் கணவன் ஜோனாஸ் தளேகாவில் ஒரு தொழிற்சாலையில் தகடு அழுத்தும் பிரஸ் மெஷின் ஓட்டியவன். கல்யாணத்துக்கு முன்பே அந்த மெஷின் அவனது வலது கை மோதிர விரலை வாங்கிக்கொண்டது. போன மழைக்காலத்தில், நிக்டி பக்கம் ஒரு லாரி மிச்சத்தையும் வாங்கிக்கொண்டது. செய்தி வந்த அன்றும் சரி, அடக்கத்தன்றும் சரி, ஃபேபியோலா அழவில்லை. கல் நெஞ்சுக்காரி என்று சொந்தக்காரர்கள் காதைக் கடித்துக்கொண்டார்கள். கல்லெல்லாம் இல்லை. மரத்துப்போயிருந்தாள், அவ்வளவுதான்.

முதல் வருஷ பூசை நெருங்கியபோது மாமியார் அந்தோணியம்மாள் ஃபோன் செய்தார்.

"கல்யாண ஆல்பத்துல கோட்டும் பவுடருமா யாரோ மாதிரி இருக்கான். சிரிக்கிற படமா ஒண்ணு பாத்து அனுப்பும்மா. ஞாயித்துக்கிழம பூசைக்கு முன்னால ஃபிரேம் போட்டாவணும்."

"சரிங்கத்தை."

மற்ற படங்கள் எல்லாம் ஃபேபியோலாவின் லேப்டாப்பில், ஒரே ஃபோல்டரில் இருந்தன. வேறு எங்கும் இல்லை. ஜோனாஸின் ஃபோன் லாரிக்கடியிலேயே நசுங்கிவிட்டது. அந்த ஃபோல்டரை ஒரு வருஷமாக அவள் திறக்கவில்லை.

அவளுக்கு வேலை, புதிதாக வரும் கணினிச் சாதனங்கள் அன்றாடம் உதவுமா என்று சோதித்து அறிக்கை எழுதுவது. அந்த வாரம் வந்தது சோப்பு டப்பா அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. கீபோர்டுக்கு முன்னால் வைத்தால், தனக்கு மேலே அசையும் கையைப் பார்த்துக்கொள்ளும். மௌஸ் வேண்டாம். கையை வலப்பக்கம் தள்ளினால் அடுத்த படம் வரும். இடப்பக்கம் வீசினால் இருக்கும் படம் அழியும். உள்ளங்கையைக் காட்டினால் எல்லாம் நிற்கும். பார்க்கிற கையை வெள்ளைக் கோடுகளாக, எலும்பு எலும்பாகத் திரையில் வரைந்தும் காட்டும். மூலையில் எத்தனை கை என்று ஓர் எண்.

சொல்லக் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பத்து நிமிஷம் வேலை செய்தால் தோள் இற்று விழுகிறது. மூக்கைச் சொறிந்தால் எதுவோ திறந்துகொள்கிறது. வேலை தொடங்கும்போது சிலுவை போட்டுக்கொள்வது அவள் பழக்கம். நெற்றி, மார்பு, இடது தோள், வலது தோள். கை இடது தோளுக்குப் போனதை அழிக்கும் சைகையாக எடுத்துக்கொண்டு, அந்த டப்பா மேலாளரின் மெயிலை விழுங்கிவிட்டது. கூட வேலை பார்க்கும் வைஷு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அரே அக்கா, ஜெபம் முடிச்சிட்டு அப்புறம் அத ஆன் பண்ணு!"

சனிக்கிழமை மதியம். வெளியே விடாத மழை. ஃப்ளாட்டில் அவள் மட்டும். படம் பார்ப்பதையும் சோதிக்க வேண்டும், மாமியாருக்கும் படம் அனுப்ப வேண்டும். இரண்டையும் ஒன்றாக முடித்துவிடலாம் என்று ஃபோல்டரைத் திறந்தாள். சிலுவை போட்டுவிட்டுத்தான் பெட்டியை இயக்கினாள். லோணாவ்ளாவில் வடாபாவ் தின்னும் ஜோனாஸ். ஸ்கூட்டர் துடைக்கும் ஜோனாஸ். யாரோ வீட்டுப் படங்களைப் பார்ப்பதுபோல இருந்தது அவளுக்கு.

மூன்று மணி பத்து. மூலையில் எண் மாறியது.

கைகள்: 2.

அவளுடைய இடது கை மேசைக்கு அடியில், மடியில் கிடந்தது. ஃபேன் நிழலாக இருக்கும் என்று ஃபேனை நிறுத்தினாள். பின்னால் காயப்போட்டிருந்த துணிகளை அள்ளி உள்ளறையில் போட்டாள். வந்து உட்கார்ந்து வலது கையை நீட்டினாள்.

கைகள்: 2.

இரண்டுமே வலது கைகள்.

அவள் தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின் மேலேயே உட்கார்ந்தாள். இப்போது பூஜ்யம் வர வேண்டும்...

கைகள்: 1.

கட்டை விரல். ஆள்காட்டி விரல். நடுவிரல். அப்புறம் ஓர் இடைவெளி... சுண்டு விரல்.

அந்தக் கை இடப்பக்கம் வீசியது. டிக். ஸ்கூட்டர் படம் போனது.

டிக். வடாபாவ் படம் போனது.

வயரைப் பிடுங்கியிருக்கலாமே என்று நானும் கேட்டேன். "தோணல. யாரோ வீடு காலி பண்றதப் பாத்துட்டு இருக்கிற மாதிரி இருந்துச்சு" என்றாள்.

டிக். டிக். டிக்...

கடைசிப் படம். ஷிஃப்டுக்குக் கிளம்பும் ஜோனாஸ், வாசலில் நின்று சிரித்தபடி கையை உயர்த்தி டாட்டா காட்டுகிறான்.

திரையில் கை மறுபடி ஓங்கியது.

அப்போதுதான் அவளுக்குப் பயம் வந்தது. ஒரு வருஷத்தில் அவளுக்கு வந்த முதல் உணர்ச்சி. வலது கையை உருவி, உள்ளங்கையைக் காட்டினாள்.

"வேணாம்... இது ஒண்ணாவது இருக்கட்டும்."

கை நின்றது.

மெதுவாக விரல்களை மடக்கியது. கட்டை விரல் மட்டும் நீண்டது. மேலே எழும்பியது... அவள் முகத்தை நோக்கி...

நெற்றியில் சில்லென்று ஏதோ பட்டது.

மேலிருந்து கீழே.

இடமிருந்து வலம்.

காலை ஷிஃப்டுக்குப் போகும்போதெல்லாம், தூங்கும் அவள் நெற்றியில் ஜோனாஸ் போட்டுவிட்டுப் போகும் சிலுவை.

கைகள்: 1. அது அவளுடையது.

அழிந்த படங்களை எங்கெங்கோ தேடினாள். ஒன்றும் கிடைக்கவில்லை. மிஞ்சிய படத்தை அனுப்பினாள். பூசையன்று ஃபிரேமைத் துடைத்தபடி அந்தோணியம்மாள் சொன்னார்: "நல்ல படம்மா. சொல்லிட்டுப் போற மாதிரியே இருக்கு."

திங்கட்கிழமை வைஷுவிடம் ஃபேபியோலா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"விரல் இல்லாத கைய இது எப்படிக் காட்டும்?"

"அதான் அக்கா இதுல பெரிய ப்ராப்ளம். நம்ம கேண்டீன்ல டீ போடுற காகாவுக்கு ஒரு விரல் இல்லல்ல? அவர் கைய வெச்சுப் பாத்தோம். அஞ்சு விரல்தான் வருது. இல்லாத விரலையும் அதுவே போட்டுக்குது. அப்படித்தான் செஞ்சிருக்காங்க. நாலு விரல் கைய அதுக்கு வரையவே தெரியாது."

ஃபேபியோலா அன்று மாலையே அறிக்கையை அனுப்பினாள். தோள் வலி, மூக்கு, சிலுவை எல்லாம் அதில் உண்டு. தனியாக வசிப்பவர்கள் வீட்டில் பயன்படுத்த ஏற்றதா என்ற கேள்விக்கு மட்டும் இப்படி எழுதியிருந்தாள்:

'சொல்ல இயலாது. சோதனையின்போது நான் தனியாக இல்லை.'