சிஸ்டர் வீட்டில் நடந்த கூட்டம்

கூட்டம் என்றாலே எனக்கு ஒவ்வாது. சர்ச் பாடகர் குழுவில் டெனர், அதாவது ஆண்களின் மேல்குரல், பாடுகிறவன் நான். அரை மணி நேரப் பேச்சைக் கேட்பதைவிட ஒரே பாட்டைப் பத்து முறை ஒத்திகை பார்க்கச் சொன்னால் சந்தோஷமாகப் பார்ப்பேன். தாம்பரம் பக்கத்துக் கலைகளுக்கு வரும் ஆண்டுகளில் என்னென்ன செய்யலாம் என்று மாநகராட்சியிலிருந்து ஜனங்களையே கேட்டுத் திட்டம் போடப்போகிறார்கள் என்று தகவல் வந்தபோது, டீயும் சமோசாவும் கொடுத்து அனுப்பிவிடுவார்கள் என்ற நினைப்போடுதான் போனேன்.

சேலையூரில், எங்கள் தெருவிலேயே பூட்டிக் கிடந்த சமுதாயக் கூடத்தில்தான் கூட்டம். அதை ஒத்திகைக் கூடமாக ஆக்கலாமா என்பது அன்றைய கேள்வி. எங்கள் பாடகர் குழுவுக்கு அது வேண்டும். பரதம் சொல்லித்தரும் டீச்சருக்கும் வேண்டும். எங்களைவிட அதிகமாக வேண்டியிருந்தது பெரும்பாக்கத்திலிருந்து வந்திருந்த பறைக்குழுப் பெண்களுக்கு. நாவலூர் ஆபீஸ்களில் துப்புரவு வேலை பார்ப்பவர்கள். மதியம் வேலை முடிந்து, அடுக்குமாடிக் குடியிருப்பில் எந்த மூலையில் நின்று அடித்தாலும் யாராவது போலீஸுக்குப் போன் போட்டுவிடுகிறார்களாம். இந்தக் கூடமும் இல்லையென்றால் குழுவைக் கலைத்துவிட வேண்டியதுதான் என்றார் அதன் தலைவி.

வேண்டாம் என்றவர் ஒருவர்தான். கூடத்தின் சுவரை ஒட்டிய வீட்டில் குடியிருக்கும் நர்ஸ். தெருவே அவரை சிஸ்டர் என்றுதான் கூப்பிடும். ஆஸ்பத்திரியில் அவருக்கு எப்போதும் நைட் டியூட்டி, பகலில்தான் தூக்கம். யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் வந்திருந்தார். பறை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அதற்குமேல் பேச விருப்பமில்லாதவர் போல உட்கார்ந்துகொண்டார். கை தூக்கச் சொல்லியிருந்தால் ஒரு நொடியில் தோற்றிருப்பார்.

கூட்டத்தை நடத்திய இளம்பெண்ணைக் கண்டு நான் அசந்துபோனது அப்போதுதான். அவர் கை தூக்கச் சொல்லவில்லை. சிஸ்டரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, கூட்டத்தையே அவருடைய படுக்கையறைக்கு அழைத்துப் போனார். அங்கிருந்து கேட்டுப் பார்த்துவிட்டுப் பேசலாம் என்றார். பறைக்குழு மட்டும் கூடத்தில் இருந்துகொண்டது. மற்றவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, கட்டிலைச் சுற்றி இடித்துப்பிடித்துக்கொண்டு நின்றோம். பரத டீச்சர் பீரோவோடு பீரோவாக ஒட்டிக்கொண்டார்.

பறை ஆரம்பித்தது. யாரோ தூரத்தில் கதவைத் தட்டுவதுபோல் ஏதோ கேட்டது, அவ்வளவுதான். இதற்கா இத்தனை பாடு என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். சிஸ்டர் மட்டும் விஷயம் புரிந்து, அன்று முதல் முறையாகச் சிரித்தார். ஒரு மனுஷியின் தூக்க விஷயம் என்று தெரிந்ததும், கூடத்தில் அந்தப் பெண்கள் குச்சியைக் கீழே வைத்துவிட்டு விரல் நுனியால் தட்டிக்கொண்டிருந்தார்கள். மரியாதை பார்த்துப் பரீட்சையைக் கெடுத்துவிட்டார்கள்.

சிஸ்டர் ஜன்னலைத் திறந்து, “எனக்காகப் பார்க்காதீங்க. திருவிழாவுல அடிக்கிற மாதிரி அடிங்க,” என்றார்.

அடித்தார்கள். மேஜைமேல் இருந்த டம்ளர் அதிர்ந்தது. எத்தனையோ வருஷமாகத் தாளம் எண்ணிப் பாடுகிற எனக்கே, இப்படி ஒரு வாசிப்பை இவ்வளவு கிட்டத்தில் கேட்டதில்லை என்று மயிர் கூச்செறிந்தது. அந்தக் கட்டிலில் யாராலும் கண்மூட முடியாது என்பதும் அதே நேரத்தில் விளங்கியது.

அடித்து ஓய்ந்ததும் குழுத் தலைவி வேர்வையைத் துடைத்தபடி அறை வாசலுக்கு வந்தார். எங்கள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார்.

“வேணா சிஸ்டர். நைட்டு பூரா நோயாளிங்களப் பாத்துகினு வர்றீங்க. நாங்க வேற எங்கனா பாத்துக்கறோம்.”

வேறு எங்கும் இல்லை என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். அவர் தோளிலிருந்து பறையைக் கழற்றினார்.

அந்த இளம்பெண் சிஸ்டர் பக்கம் திரும்பி, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை தூங்குவீர்கள் என்று கேட்டார். ரொம்பச் சாதாரணமான கேள்வி. அதுவரை நாங்கள் எல்லோரும் அவரிடம் கேட்டது சம்மதமா, இல்லையா என்பது மட்டும்தான்.

சிஸ்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். கண் கலங்கியிருந்தது.

“ஒன்பது மணி வாக்குல படுப்பேன். நாலு மணிக்கெல்லாம் எழுந்துடுவேன். அதுக்கப்புறம் எவ்வளவு வேணும்னாலும் அடிங்க,” என்றவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “இந்தத் தெருவுக்கு வந்த நாள்லேர்ந்து, நான் எப்போ தூங்கறேன்னு யாருமே கேட்டதில்ல.”

காலையில் பரதம், சத்தமில்லாமல் அபிநயம் மட்டும். நாலு மணிக்குமேல் பறை. இருட்டிய பிறகு நாங்கள். திட்டம் அப்படித்தான் முடிவானது, இன்றும் அப்படித்தான் நடக்கிறது. ஆனால் பறைக்குழு கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. சிஸ்டர் எழுந்து வாசலுக்கு வந்து தலையாட்டினால்தான் முதல் அடி விழும். டியூட்டி நீண்டு அவர் தாமதமாகப் படுத்த நாட்களில், மணி ஐந்தானாலும், பறைகளை மடியில் வைத்துக்கொண்டு கூடத்துப் படியில் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்கள்.