நாலால் வகுபடாத நாடி

நான் டாக்டர்தான். ஆனால் என்னிடம் வந்த யாரும் பிழைத்ததில்லை. பிழைக்காதவர்கள்தான் என்னிடம் வருவார்கள். மருத்துவக் கல்லூரியில் இருபத்தாறு வருடமாக உடற்கூறியல் வாத்தியார். செத்த உடலை அறுத்து, நரம்பு எது, ரத்தக்குழாய் எது என்று காட்டுவது என் பிழைப்பு. என் ஸ்டெதாஸ்கோப் எங்கே இருக்கிறதென்று எனக்கே தெரியாது. பக்கத்து வீட்டுக்காரர் காய்ச்சல் என்று வந்தால், “நல்ல டாக்டரா பாருங்க” என்று அனுப்பிவிடுவேன்.

அப்படிப்பட்ட என்னைத்தான் கலை அறிவியல் கல்லூரிக்கு அனுப்பினார்கள். வரலாறும் இலக்கியமும் வணிகவியலும் படிக்கிற பிள்ளைகள் மனித உடலைப் பற்றி ஒரு பாடம் படித்தாக வேண்டும், அதை மருத்துவக் கல்லூரிக்காரர்களே நடத்த வேண்டும் என்று புதிதாக ஒரு விதி. “உங்க அனுபவத்துக்கு உங்களை விட்டா யாரு சார்?” என்றார் டீன். நான் உச்சி குளிர்ந்துபோனேன். மற்றவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு சாக்குச் சொல்லி நழுவியிருந்தது பிறகுதான் தெரிந்தது.

முதல் நாள் எலும்புக்கூட்டைத் தூக்கிக்கொண்டு போனேன். இருநூற்றாறு எலும்புக்கும் பெயர் சொல்லி முடித்து, ஏதாவது சந்தேகமா என்றேன். இலக்கியம் படிக்கிற பையன் எழுந்தான். “இவர் பேர் என்ன சார்?” இத்தனை வருடத்தில் எனக்கு அது தோன்றியதே இல்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். “உட்கார்” என்றேன்.

வகுப்பு மூன்றாம் மாடியில். லிப்ட் கிடையாது. இரண்டாம் மாடித் திருப்பத்திலேயே எனக்கு மூச்சு வாங்கும். அறிவிப்புப் பலகையைப் படிக்கிற பாவனையில் நிற்பேன். ஹாக்கி அணித் தேர்வு பற்றிய அறிவிப்பு எனக்கு மனப்பாடம். இதை வீட்டில் வாய் தவறிச் சொன்னதுதான் தப்பு. தெருமுனையில் தையல் கடை வைத்திருக்கும் என் மனைவி, அன்றிலிருந்து அதையே பிடித்துக்கொண்டாள்.

“என்னங்க, டாக்டர்கிட்ட போய்க் காட்டுங்க.”

“நானே டாக்டர்தானே?”

“அதான் சொல்றேன், டாக்டர்கிட்ட காட்டுங்கன்னு.”

அவள் பயத்துக்குக் காரணம் இருந்தது. அவளுடைய அண்ணனும் இப்படித்தான் படிக்கட்டைத் திட்டிக்கொண்டே இருந்தார். ஒருநாள் காலையில் பல் தேய்க்கும்போது வாய் கோணி விழுந்தார். இன்றைக்கும் சட்டைக்குப் பட்டன் போட அவருக்கு ஆள் வேண்டும். அவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கும் பயம் வரும். பயம் வந்தால் அதைக் கோபமாக மாற்றிக்கொள்வது என் பழக்கம். அதனால் அவள் மேல் எரிந்து விழுவேன்.

மூன்றாம் வாரம் செய்முறை வகுப்பு. ஆய்வகம் கிடையாது; ஆளுக்கொரு கை இருக்கிறதே என்று நாடி பார்க்கச் சொன்னேன். “கட்டைவிரல் வேண்டாம், ரெண்டு விரலை வை. பதினஞ்சு செகண்ட் எண்ணு, நாலால பெருக்கு. அவ்வளவுதான் வேலை.” இது எங்கள் தொழிலின் சுருக்குவழி. நின்று எண்ண எங்களுக்கு ஏது நேரம்?

மொத்தம் அறுபத்தொரு பேர். எல்லோரும் இரண்டிரண்டு பேராக உட்கார, வரலாறு படிக்கிற பெண் ஒருத்தி மட்டும் ஜோடியில்லாமல் நின்றாள். பெரிய மனது பண்ணி என் கையை நீட்டினேன்.

இடது கை விரல்களை என் மணிக்கட்டில் வைத்து, வலது கையால் நோட்டில் துடிப்புக்கு ஒரு புள்ளியாக வைத்துக்கொண்டே போனாள். கண் சுவர்க் கடிகாரத்தில். நான் கடைசி பெஞ்சைத் திட்டி முடித்தும் அவள் முடிக்கவில்லை.

“இன்னுமா?”

“கொஞ்சம் இருங்க சார்.”

நோட்டுகளைத் திருத்தும்போது அவளுடையதில் ‘87’ என்றிருந்தது. நாலால் பெருக்கி வந்த எண் நாலால் வகுபட வேண்டாமா? கையும் களவுமாகப் பிடித்துவிட்ட சந்தோஷத்தில் சிவப்பு மையில் எழுதினேன்: ‘நாலால் வகுபடவில்லை. கற்பனை. 0/10.’

மறுநாள் அவள் நோட்டோடு வந்து நின்றாள்.

“சார், நிமிஷத்துக்கு எத்தனைன்னுதானே கேட்டீங்க? நிமிஷம் முழுக்க எண்ணினேன். நடுநடுல விட்டு விட்டு வந்துச்சு சார்.”

“வரலாற்றுக்காரங்களுக்கு இல்லாததை எழுதுற பழக்கம் இருக்கலாம். இங்க அது வேண்டாம்.” வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன்.

“இல்லாததை எழுதலை சார். இடம் விட்டு வச்சிருக்கேன்,” என்றாள். குரலை உயர்த்தவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நோட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் தையல் கடையில் உட்கார்ந்து, இந்தக் காலத்துப் பிள்ளைகளின் லட்சணத்தைப் பார் என்று மனைவியிடம் நோட்டைக் காட்டினேன். அவள் எண்ணைப் பார்க்கவில்லை, புள்ளிகளைப் பார்த்தாள். இரண்டு நெருக்கமாக, ஒன்று தள்ளி, பிறகு ஒரு வெற்றிடம்.

“மெஷின்ல தையல் விட்ட மாதிரி இருக்கே. யாரோட நாடி இது?”

“என்னோடதுதான். ஆனா அந்தப் பொண்ணுக்கு எண்ணத் தெரியலை.”

மெஷினிலிருந்து காலை எடுத்துவிட்டு என் கையைப் பிடித்தாள். அவளுக்கு நாடி பார்க்கத் தெரியாது. தையல் விட்டால் தெரியும். சற்று நேரத்தில் அவள் முகம் மாறியது. “எந்திரிங்க,” என்றாள். பாதி தைத்த சட்டையை அப்படியே விட்டுவிட்டுக் கடையைப் பூட்டினாள்.

இதய நிபுணர் என் பழைய மாணவன். இதயத்தின் பாகங்களைச் சொல்லத் தெரியாததற்காக இரண்டு முறை நான் பெயிலாக்கியவன். இ.சி.ஜி. காகிதத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னான்: “மேலறை ஒழுங்கா துடிக்கலை சார், சும்மா நடுங்குது. ரத்தம் அங்கேயே தேங்கிக் கட்டியாகி மூளைக்குப் போயிருந்தா…”

“எங்க அண்ணன் மாதிரி,” என்றாள் மனைவி.

“நல்லவேளை, சீக்கிரம் வந்தீங்க. யாரு சார் கண்டுபிடிச்சது?”

“ஒரு ஸ்டூடண்ட்.”

“பைனல் இயரா சார்?”

“இல்ல. வரலாறு.”

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். எனக்கு என் மணிக்கட்டே தெரியவில்லை.

மூன்று வாரம் மாத்திரை. பிறகு மயக்கம் கொடுத்து நெஞ்சில் ஒரு மின் அதிர்ச்சி. “பிடிச்சுக்கிட்டா நல்லது. மறுபடி தாளம் தப்பினாலும் தப்பலாம், கவனமா இருங்க,” என்று வீட்டுக்கு அனுப்பினான்.

அடுத்த வாரம் கல்லூரிக்குப் போனேன். அறிவிப்புப் பலகையில் நிற்காமலே மூன்றாம் மாடி ஏறினேன். வகுப்பில் எல்லோர் முன்னாலும் அந்த நோட்டைப் பிரித்தேன். “நான் எழுதினதுதான் தப்பு. இந்தப் பொண்ணு எண்ணினது சரி. அன்னிக்கு நான் சிரிச்சது அதைவிடத் தப்பு.” பூஜ்யத்தை அடித்துவிட்டுப் பத்து போட்டேன். நன்றி சொல்ல நினைத்தேன், வரவில்லை. கையை நீட்டினேன்.

அவள் விரல்களை வைத்தாள். எனக்குப் பயமாக இருந்தது. இந்தத் தடவை அது கோபமாக மாறவில்லை. நிமிடம் முழுக்க, கடிகாரத்தைப் பார்க்காமல், அவள் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“எழுபத்திரண்டு,” என்றாள். நோட்டை என் பக்கம் திருப்பினாள். புள்ளிகளுக்கு நடுவில் எங்கேயும் இடம் விட்டிருக்கவில்லை.

“நாலால வகுபடுது சார்.”