அண்ணனூர் வீட்டு விருந்தாளிகள்

பாடியில் என் கணவர் வேலை பார்த்த தொழிற்சாலையில் சம்பளத்தைக் குறைத்துவிட்டார்கள். வீட்டுக் கடனில் இரண்டு தவணை நின்று, வங்கியிலிருந்து கடிதமும் வந்துவிட்டது. இன்னும் நின்றால் வீடு ஏலத்துக்குப் போகும். அண்ணனூர் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, மண்ணூர்பேட்டையில் ஓர் ஒற்றை அறைக்குக் குடிபோனோம். எங்கள் வீட்டுக்குக் குடிவந்தவன் வேன் ஓட்டுகிறவன். "ஃபேமிலிதாங்கா தங்கும், பேஜாராவாதீங்க" என்றான். மாதம் பிறந்தால் வாடகை வந்துவிடும், அப்படியே தவணைக்குப் போய்விடும்.

நாலு மாதம் கழித்துப் பக்கத்து வீட்டம்மா போன் செய்தார். வாரத்துக்கு ஒரு குடும்பம் வருகிறதாம். ஊர் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு அவன் என் வீட்டை நாள் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தான். எனக்கு எப்போதுமே மூக்குக்கு மேல் கோபம். பார்த்துப் பார்த்துக் கட்டிய வீட்டில் யார் யாரோ படுத்துப் புரள்வதா? அன்றே அவனைக் காலி செய்ய வைப்பதென்று ரயிலேறினேன்.

கதவைத் திறந்தது தருமபுரிப் பக்கத்து அம்மாள் ஒருத்தி. "வேலைக்கு வர்ற அக்காவா? வாங்க. இந்தக் கொழாய எந்தப் பக்கம் திருகினாலும் தண்ணி வரல."

அது என் சமையலறைக் குழாய். கொஞ்சம் தூக்கித் திருக வேண்டும். திருகிக் காட்டினேன். கூடத்தில் மூன்று பிள்ளைகள் கடற்கரைக்குக் கிளம்பிக் குதித்துக்கொண்டிருந்தார்கள்.

"எம் புள்ளைங்க இப்பதான் மொத தடவையா கடல பாக்கப் போவுதுங்க. ஓட்டல்ல தங்க எங்களால ஆவுமா? இந்த ஊட்ட கடன ஒடன வாங்கித்தான் கட்டியிருப்பாங்க. யாரோ மகராசி, நல்லா இருக்கணும்" என்றாள்.

இட்லி வைத்துக் கொடுத்தாள். வேலைக்காரியாகவே உட்கார்ந்து சாப்பிட்டேன்.

அவர்களை ஏற்றிப்போக வந்த வேன்காரன் என்னைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டான். "தப்புதாங்கா. உண்மைய சொல்லிருந்தா ஊடு குட்த்துருப்பீங்களா? காலி பண்ணிக்கினு போய்டட்டா?" என்று கேட்டான்.

போ என்றால் அடுத்த தவணைக்கு வழியில்லை. சத்தியமாக அதற்காக மட்டும் நான் அடங்கவில்லை.

"பொய் சொன்னதுக்கு ஒன்ன ஒதைக்கணும். பேங்க்ல கேட்டு, நாள் வாடகைக்கு விடுறதா முறையா எழுதிக்கலாம். மொதல்ல அந்தக் கொழாய மாத்து" என்றேன்.

மூன்று வருடம் ஓடியது. ஒரு தவணைகூட நிற்கவில்லை. கணவருக்கும் வேறு நல்ல வேலை கிடைக்க, போன தை மாதம் சொந்த வீட்டுக்கே திரும்பினோம்.

மே மாத விடுமுறையில் ஒரு காலை, பைகளோடு ஒரு குடும்பம் வாசலில் நின்றது. முன்பு இரண்டு முறை இங்கே தங்கியவர்களாம். வேன்காரனின் எண் கிடைக்காமல் நேரே வந்துவிட்டார்கள். இப்போது வாடகைக்கு விடுவதில்லை என்றதும் முகம் வாடித் திரும்பப் பார்த்தார்கள். விடுவேனா, அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துவந்தேன். சாப்பிட்டு முடித்ததும் அவள் தயங்கிக்கொண்டே, "ஒரு நாளைக்கு இப்ப எவ்ளோங்க?" என்று கேட்டாள்.

"நீங்க எப்பவோ குடுத்துட்டீங்கம்மா" என்றேன்.