ஐந்து கிலோ சிலிண்டரும் ஒரு நீண்ட ஜெபமும்

சமையல் காண்ட்ராக்டில் நான் போன முதல் ஆர்டர் மஞ்சக்குட்டையில் ஒரு நிச்சயதார்த்தம். மட்டன் பிரியாணி. எங்கள் மாஸ்டர் ஆரோக்கியசாமிக்கும் அந்த ஊரில் அதுதான் முதல் வாய்ப்பு. சொதப்பினால் அந்தப் பக்கம் இனி யாரும் கூப்பிட மாட்டார்கள் என்று காலையிலிருந்தே சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஒண்டிக்கடை ஊரில் எங்கள் கடை வாசலில் ஜீப் ஏறும் முன், ஐந்து கிலோ சிலிண்டரை ஈரத்துணியால் துடைத்தார். கேஸ் இல்லாத மேல்பகுதி சீக்கிரம் காயும், கேஸ் இருக்கிற இடம் ஈரமாகவே நிற்கும். தொழிலில் எல்லோரும் பார்க்கிற முறைதான். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் கழுத்து வரை ஈரம்.

"நொம்ப இருக்குது கண்ணு. ஸ்பேர் எதுக்கு வீண் சுமை?" என்றவர், ஸ்பேர் சிலிண்டரைக் கடையிலேயே விட்டுவிட்டு, ஜீப்பில் அது இருக்க வேண்டிய இடத்தில் சுகமாகக் காலை நீட்டிக்கொண்டார்.

கறி வெந்து, அரிசிக்கு வைத்த தண்ணீர் கொதிக்கப் போகும் நேரத்தில் அடுப்பு விக்கி விக்கி அணைந்தது. சிலிண்டரைத் தூக்கினேன். ஒற்றைக் கையில் லேசாக வந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. விடிந்ததிலிருந்து ஒரே மூடுபனி. துவைத்துப் போட்ட சேலையே கொடியில் காயாத ஊரில் சிலிண்டர் எப்படிக் காயும்?

ஸ்பேரை எடுத்துவர ஜீப் பறந்தது. நிச்சயதார்த்த ஜெபம் முடிந்தால் உடனே பந்தி. மாஸ்டர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். நான் கூடத்துக்கு ஓடினேன். அங்கே உபதேசியார் ஜெபத்துக்கு எழுந்து நின்றிருந்தார். நீட்டி முழக்காதீர்கள் என்று ஊரே அவரிடம் கெஞ்சும்.

"ஏனுங்க உபதேசியாரே, கேஸ் தீந்துபோச்சுங்க. ஜெபத்தக் கொஞ்சம் நீட்டுங்க" என்று காதோடு சொன்னேன்.

"இத்தன வருசத்துல என்னைய யாரும் இப்படிக் கேட்டதில்ல அம்மிணி" என்றார். கண் கலங்கியிருந்தது.

பெண்ணுக்காக, மாப்பிள்ளைக்காக, காப்பிப் பூவுக்காக, மிளகுக் கொடிக்காக, கொண்டை ஊசி வளைவுகளில் வரும் வண்டிகளுக்காக, குறிப்பாக ஜீப்புகளுக்காக ஜெபித்தார். மாப்பிள்ளையின் மாமா தானாகவே ஆமென் சொல்லி முடித்துப் பார்த்தார். நடக்கவில்லை. ஜீப் திரும்பி வந்து, அரிசி வெந்து, தம் பிரித்து, பிரியாணி வாசம் கூடத்துக்குள் போன பிறகுதான் உபதேசியார் ஆமென் சொன்னார்.

அகோரப் பசியில் இருந்தவர்களுக்குப் பிரியாணி அமிர்தமாக இருந்தது. அங்கேயே மாஸ்டருக்குக் கல்யாண ஆர்டரும் கிடைத்தது.

புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். பனி நாளில் ஈரத்துணியை நம்பாதீர்கள். கை பொறுக்கும் சூட்டில் வெந்நீரைச் சிலிண்டர் பக்கவாட்டில் ஊற்றி, மேலிருந்து தடவிப் பாருங்கள். எங்கே சில்லென்று படுகிறதோ, அங்கிருந்து கீழே கேஸ் இருக்கிறது. எவ்வளவு இருந்தாலும் ஸ்பேரை ஏற்றுங்கள்.

இப்போது நானே ஆர்டர் எடுக்கிறேன். உபதேசியார் எந்த விசேஷத்துக்கு வந்தாலும் பைபிளும் கையுமாக நேரே சமையல்கட்டுக்கு வந்துவிடுவார். "கேஸ் கொறைவாத்தானே இருக்குது அம்மிணி?" என்பார். நிறைய இருக்கிறது என்று சொன்னால் பாவம், முகம் வாடிவிடும்.