கழுவிய இரண்டு பானைகள்

புதன்கிழமை காலை பத்து நாற்பதுக்கு எங்கள் வீட்டு அழைப்பு மணி அடித்தது. நேரத்தை இவ்வளவு துல்லியமாகச் சொல்லக் காரணம் உண்டு; அது பின்னால் வரும். அப்போது நான் யுடிலிட்டியில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தேன். பெங்களூரு வீடுகளில் சமையலறைக்குப் பின்னால் பாத்திரம் தேய்க்க விட்டிருக்கும் மூன்றடி இடத்துக்கு அந்தப் பெயர். என் காலடியில் மூன்று மண்பானைகள். ஒன்றில் பார்லிக் கஞ்சி, ஒன்றில் பாலில் வெந்த பார்லி, ஒன்றில் மீன். இருபத்தாறு நாட்களாகத் தினமும் அதே சமையல். இருபத்தாறு நாட்களாக அவற்றை யாரும் கழுவவில்லை. மேலே சுவரில், என் மகளின் கையெழுத்தில் ஒரு தாள்: ‘அப்பா, கழுவாதே.’ அவள் அம்மாவுக்கு அப்படி ஒரு தாள் தேவைப்படவில்லை.

மகள் யாழினி ஐரோப்பாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஐரோப்பியத் தொல்லியல் முதுகலை படிக்கிறாள். நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் அந்தப் பக்கத்து மக்கள் என்ன சமைத்தார்கள் என்பதை, பானை ஓட்டுக்குள் ஊறிப்போன கொழுப்பை வைத்துக் கண்டுபிடிக்கிறார்களாம். ஒப்பிட்டுப் பார்க்க, என்ன சமைத்தோம் என்று நமக்கே தெரிந்த பானைகள் வேண்டும். அங்கே விடுதியில் விறகு மூட்டினால் தீயணைப்பு வண்டி வந்து நிற்கும் என்பதால், விடுமுறையில் அந்த ஆய்வு பிரேசர் டவுனில் உள்ள எங்கள் வாடகை வீட்டுக்கு வந்துவிட்டது. பின்சந்தில் அடுப்பு. பானை செய்து வாங்க, பக்கத்துத் தெருக் குயவரிடம் போனோம். யாழினி காட்டிய ஐரோப்பியப் பழம்பானைப் படத்தைப் பார்த்துச் சிரித்தார். “சக்கரம் வாணாமா? கையாலயே கோணலா வேணுமா? இதுக்காம்மா ஃபாரின் போய்ப் படிக்கிற? எம்பையன் கத்துக்கச்சொல்ல இப்டிதான் செஞ்சான். சொல்லியிருந்தா தூக்கிப் போடாம வெச்சிருப்பேன்!”

முப்பது முறை சமைக்க வேண்டும். ஞாயிறோடு முடியும். திங்கட்கிழமை பானைகளை உடைத்து, ஓடுகளை எடுத்துக்கொண்டு விமானம் ஏறுவாள். அவளுடைய ஆய்வேடே இந்த மூன்று பானைகள்தான். புதன்கிழமை அவள் விறகு வாங்கி வர ஆனேக்கல்லில் இருக்கும் தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். மனைவி செல்வி அலுவலகத்தில். வீட்டில் விடுப்பில் இருந்தவன் நான் மட்டும்.

கதவைத் திறந்தால், மாடியில் குடியிருக்கும் ஓனரம்மா. “ஏன் சார் இது, மேலெவரெகூ வாசனெ பர்த்தா இதெ...” மேலே வரை நாற்றம் வருகிறது என்றார். அதற்குப் பின்னும் ஏதோ சொன்னார். நான் கேட்டால்தானே? “ஆயித்து மேடம், ஈகலே தொளீத்தீனி” என்று கன்னடத்தில் வாக்குக் கொடுத்துவிட்டேன். சரி மேடம், இதோ கழுவிவிடுகிறேன் என்று.

ஊரில் இருக்கும் உங்களுக்கு இது விளங்குமா தெரியவில்லை. குடியாத்தத்தில் எங்கள் வீட்டில் கருவாடு வறுத்தால், மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து “இன்னாக்கா, நெத்திலியா?” என்று குரலும், அதன் பின்னாலேயே ஒரு கிண்ணமும் வரும். பெங்களூருக்கு வந்த புதிதில் அதே கருவாட்டை வறுத்த மாதமே வேறு வீடு பார்க்கச் சொன்னார்கள். அன்று ஆரம்பித்தது இந்த நோய். இருபத்து நான்கு ஆண்டுகளாக, ஓனர் வாயைத் திறக்கும் முன் ‘ஆயித்து’ என்று சொல்லிவிடுவேன். இன்னொரு நாட்டின் நாலாயிரம் ஆண்டுச் சரித்திரம் குறுக்கே நின்றபோதும் அதையேதான் சொன்னேன்.

முதலில் மீன் பானை. ஸ்டீல் நார், பாத்திரம் தேய்க்கும் பவுடர், வெந்நீர். நான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவன் அல்ல. இரண்டாவதாகப் பால் பானை. செம்மண் நிறம் தெரிந்தபோது மனதுக்கு நிறைவாகக்கூட இருந்தது. மூன்றாவதில் கை வைக்கும்போது செல்வி அழைத்தாள்.

“என்னங்க சத்தம்?”

“பாத்திரம் தேய்க்கிறேன்.”

“காலைலயே எல்லாத்தையும் தேய்ச்சிட்டுத்தானே வந்தேன்? என்ன பாத்திரம்?”

கையிலிருந்த நாரைக் கீழே வைத்தேன்.

“ஏங்க... மீன் பானையா?”

“அதுவும்.”

அதன் பிறகு அவள் சொன்னவற்றை எழுத முடியாது. கணவனை அப்படி அழைக்கலாம் என்று எனக்கு அதுவரை தெரியாது.

போன கொழுப்பைத் திரும்ப ஊற்றிவிட்டால் போயிற்று என்று தோன்றியது. ஊரில் புதுச்சட்டியைப் பழக்க எண்ணெய் தடவுவோம் இல்லையா? குடியாத்தத்துச் செக்கிலிருந்து வரவழைத்த நல்லெண்ணெயை இரண்டு பானைகளிலும் உள்ளும் புறமும் தடவினேன். பார்லி தீர்ந்திருந்தது. கேழ்வரகைப் பாலில் கரைத்துப் பால் பானையில் ஊற்றிக் காய்ச்சினேன். இருபத்தாறு நாள் சமையலை நான்கு மணிக்குள் செய்து முடிக்கப் பார்த்த ஒரே ஆராய்ச்சியாளன் நானாகத்தான் இருப்பேன்.

மூன்று மணிக்கு ஓனரம்மா மறுபடி வந்தார். பின்கதவைத்தான் மூடச் சொன்னாராம். மீன் வாசனைக்கு அவருடைய பூனை மாடியில் நிலைகொள்ளவில்லையாம். கழுவச் சொன்னாரா என்று கேட்டேன். “நான் யாக்கெ ஹேளலி?” நான் எதற்குச் சொல்லப்போகிறேன் என்று என்னை விநோதமாகப் பார்த்தார். “உங்க பொண்ணு படிப்பு ஆச்சே சார், அது!” என்றார் தமிழில். அவருக்குத் தமிழ் தெரியும் என்பதே அன்றுதான் எனக்குத் தெரியும்.

நாலரைக்கு யாழினி வந்தாள், விறகுக் கட்டோடு. என் முகத்தைப் பார்த்தாள், சுவரிலிருந்த தாளைப் பார்த்தாள், தரையில் உட்கார்ந்தாள். ஒரு பானையை எடுத்து முகர்ந்தாள். நான் அழுகையை எதிர்பார்த்தேன். கண்ணும் நிறைந்தது. ஆனால் பையிலிருந்து நோட்டை எடுத்தாள்.

“எத்தன மணிக்குக் கழுவுன? கரெக்டா சொல்லு.”

“பத்து நாப்பது. மணி அடிச்சுதே, அப்ப கடிகாரத்தப் பாத்தேன்.”

“எண்ணெய்?”

“குடியாத்தம்.”

“உள்ள என்ன, கேழ்வரகா?”

“தெருமுனைக் கடையில வாங்கினது. மண்டியா பக்கத்துச் சரக்கு.”

எல்லாவற்றையும் எழுதினாள். “அந்தக் காலத்துலயும் எவளாவது ஒருத்தி கழுவியிருப்பா, வேற எண்ணெய் ஊத்தியிருப்பா. என்ன, யாரும் எழுதி வைக்கல” என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. “ஒரு பானைதான் ஒழுங்கா இருக்கு. இந்த ரெண்டையும் எங்க ப்ரொஃபசர் மேடம்கிட்ட சொல்லித்தான் பாக்கணும்.”

பிறகு நோட்டில் ஓரிடத்தில் பேனா நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

“ஐரோப்பாப் படம், பெங்களூரு மண்ணு, மண்டியா கேவுரு, நம்ம ஊரு எண்ணெய். எந்த ஊர்ப் பானைன்னு இங்க ஒரு கட்டம் இருக்குப்பா. நீயே சொல்லு, என்ன எழுதட்டும்?”